பிபி மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்
"பிபி மாத்திரை 10 வருஷம் போட்டால் மார்பகப் புற்றுநோய் வரும், உடனே நிறுத்துங்கள்" என்று மேலே எழுதியிருக்கும் அக்கா, தயவுசெய்து அதைத் திருத்துங்கள். அந்தப் பேச்சு 2013-இல் வெளியான சியாட்டில் ஆய்விலிருந்து வந்தது. 55 முதல் 74 வயதுப் பெண்களிடம், ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் உட்காரவைத்து முன்பு என்ன மருந்து சாப்பிட்டார்கள் என்று கேட்டு ஒப்பிட்டார்கள், அதில் கால்சியம் சேனல் பிளாக்கர் (ரத்தக் குழாய்களைத் தளர்த்தி பிபியைக் குறைக்கும் மாத்திரை) வகையை 10 ஆண்டுக்கு மேல் எடுத்தவர்களிடம் மட்டும்தான் ஆபத்து ஏறத்தாழ இரண்டரை மடங்கு தெரிந்தது. அட்டனோலால், லோசார்டன் போன்ற வேறு வகை பிபி மாத்திரைகளில் அது இல்லை. அப்புறம் 2015-இல், அமெரிக்கச் செவிலியர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில் அந்தத் தொடர்பே தெரியவில்லை. என் அம்மாவின் மாத்திரை டப்பாவிலும் அந்தக் கால்சியம் சேனல் பிளாக்கர் வகையைச் சேர்ந்த அம்லோடிபின் அட்டைதான் இருக்கிறது. உங்கள் பதிவைப் படித்து யாராவது திடீரென்று நிறுத்தினால் பிபி எகிறி பக்கவாதம் வரலாம், எனக்கு அதுதான் பயம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம்.