நிலைப்பொருள் ஓவியம் நகலெடுப்பு அன்று
மேசைமேல் இருக்கும் புட்டியையும் கிண்ணத்தையும் கண்டபடியே வரைவதுதான் நிலைப்பொருள் ஓவியம், அதில் ஓவியர் முடிவு செய்ய எதுவுமில்லை என்று சிலர் கருதுவது சரியன்று. இத்தாலியின் பொலோன்யா நகரில் வாழ்ந்த ஓவியர் ஜார்ஜோ மொராண்டி (1890–1964), புட்டிகளின் பளபளப்பு மறைய வேண்டும் என்பதற்காகச் சிலவற்றின்மீது மங்கலான வண்ணம் பூசினார், சிலவற்றின் உள்ளேயே வண்ணத்தை ஊற்றினார், படிந்த தூசியையும் அப்படியே விட்டுவைத்தார். பொருள்களை மீண்டும் மீண்டும் நகர்த்திப் பார்த்து, அவை நின்ற இடங்களைக் கோடிட்டுக் குறித்தும் வைத்தார். இரண்டு புட்டிகளின் விளிம்புகள் ஒட்டி நின்றால் அவை ஒரே உருவமாகத் தெரியும். விரற்கடை அளவு விலக்கினால் போதும், இடையிலுள்ள வெற்றிடமே தனி வடிவமாகிவிடும். நானும் வரைபவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: தூரிகையைத் தொடுவதற்கு முன்பே, அந்த இடைவெளியைத் தீர்மானிப்பதில்தான் பெரும்பொழுது செல்கிறது.