ஒரு மாநிலத்துக்கு ஓர் உடை போதுமா?

மெக்சிகோவின் சுற்றுலா வணிகச் சந்தையான தியாங்கிஸ் துரிஸ்திகோவின் காணொளிகளைத் தேடிப் பார்ப்பது என் நெடுநாள் வழக்கம். 1975இல் அகாபுல்கோவில் தொடங்கிய இச்சந்தை, 2012 முதல் ஊர் மாறி ஊர் நடக்கிறது. விடுதிக்காரர்களும் விமான நிறுவனத்தாரும் பயண முகவர்களும் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு, மேசைக்கு இருபுறமும் அமர்ந்து விலை பேசும் இடம் அது. ஆனால் படம் எடுப்பவர்களின் கண் அந்த மேசைகளில் நிற்பதில்லை; அரங்க வாயில்களில் தத்தம் மாநிலத்தின் மரபுடையை அணிந்து புன்னகையோடு நிற்கும் இளம்பெண்களிடமே போய் நிற்கிறது. என் கண்ணும் அப்படித்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வஹாக்கா மாநிலத்தின் சார்பில் பெரும்பாலும் நிற்பவர் தெவாந்தெபெக் நிலப்பகுதியின் தெவானா உடை அணிந்தவர். கரும் வெல்வெட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பூத்த பூவேலை, பாவாடையின் அடியில் கஞ்சி போட்டு மடித்த வெள்ளைச் சரிகைப் பின்னல், முகத்தைச் சுற்றி ஒளிவட்டம்போல் விரியும் தலையணி என்று அது மனத்தை அள்ளத்தான் செய்கிறது. அந்தத் தலையணியை உற்றுப் பார்த்தால் இரண்டு சிறிய கைகள் தெரியும். அது உண்மையில் சட்டையின் வடிவில் தைத்த துணி. ஆனால் அந்தக் கைகளுக்குள் எவரும் கை நுழைப்பதில்லை. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ விரும்பி அணிந்ததும், பழைய பத்துப் பேசோ நோட்டில் அச்சானதும் இந்தத் தெவானா உடைதான். எனவே அரங்க வாயிலுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

என் மனக்குறை வேறு. வஹாக்காவில் 16 பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 570 நகராட்சிகள் இருக்கின்றன. விபில் எனப்படும் தளர்ந்த மேலாடை ஒன்றே, ஊருக்கு ஊர் நெசவிலும் நீளத்திலும் நிறத்திலும் மாறுபடுவதால், அணிந்தவர் எந்த ஊர்க்காரர் என்பதை அப்பகுதிப் பெண்கள் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். மாநிலத்துக்கு ஓர் உடை என்னும் கணக்கு வந்ததும் இவை அத்தனையும் ஒரே ஆளின் தோளில் ஏறிவிடுகின்றன. சியாபாஸ் மாநிலத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. அம்மாநிலத்தின் அடையாளமாக நிற்பது, சியாப்பா தே கோர்சோ நகரத்துக் கலப்பின மக்களின் விழா உடை. கருப்பு வலைத்துணியில் பட்டுப் பூக்கள் செறிந்தது. அதே மாநிலத்தின் மலைப்பகுதிகளில், தறியின் ஒரு முனையை மரத்திலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நெய்கிற த்சோத்சில் பழங்குடிப் பெண்களின் துணி அந்த வாயிலுக்கு எப்போதேனும்தான் வருகிறது.

தூய மரபு வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அன்னாசிப் பழத்தைத் தோளில் ஏந்தி ஆடும், வஹாக்காவின் துக்ஸ்தெபெக் பகுதிப் பெண்களின் நடனம், தொன்றுதொட்டு வந்ததைப்போல் தோன்றினாலும், 1958இல் ஆளுநர் கேட்டதற்கிணங்க ஓர் ஆசிரியை அமைத்தது. வெராக்ரூஸ் மாநில ஆண்கள் வெள்ளைச் சட்டைக்கு மேல் கழுத்தில் கட்டும் சிவப்புக் கைக்குட்டைக்குப் பாலியாகாத்தே என்று பெயர். அது நம் பழவேற்காட்டை ஐரோப்பியர் திரித்து அழைத்த பெயரிலிருந்து வந்தது என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். இச்சந்தை தொடங்கிய அதே அகாபுல்கோவில்தான் 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவிலிருந்து வந்த ஸ்பானியக் கப்பல்கள் ஆசியத் துணிகளை இறக்கின. (அந்தக் கைக்குட்டையைக் காணும்போதெல்லாம் எனக்குச் சற்றுப் பெருமிதம் வருவதைத் தடுக்க முடியவில்லை.) கலப்பும் புதுப்புனைவும் ஆடைக்கு இழுக்கல்ல; யார் நெய்தது என்ற கேள்வியே எழாதபடி அதை நிறுத்திவைப்பதுதான் இழுக்கு.

2019இல் மெக்சிகோவின் பண்பாட்டு அமைச்சர், தெனாங்கோ ஊரின் பூவேலையைப் பயன்படுத்திய ஒரு பன்னாட்டு ஆடை நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டார். பழங்குடிச் சமூகங்களின் பண்பாட்டுச் செல்வத்துக்கு அச்சமூகங்களே கூட்டு உரிமையாளர்கள் என்று கூறும் கூட்டாட்சிச் சட்டம் 2022 ஜனவரியில் வெளியானது. வெளிநாட்டாரிடம் கேட்ட அதே கேள்வியை அரசு தன் சொந்த அரங்கத்திடமும் கேட்க வேண்டாமா? சில அரங்குகளில் கைவினைஞர்களை அமர்த்தி நெய்துகாட்டச் சொல்கிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் நான் பார்த்த காணொளிகளில் அவர்களும் வேடிக்கைப் பொருளாகவே இருந்தார்கள். விலை பேசும் மேசைகளில் அவர்களைக் காணவில்லை.

வஹாக்காவில் பினோதெபா தே தோன் லூயிஸ் என்னும் மிஸ்தெக் பழங்குடி ஊரின் போசவாங்கோ பாவாடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஊதாக் கோடுகளுக்காக அவ்வூர் ஆண்கள் பசிபிக் கடலோரப் பாறைகளுக்குச் சென்று, கடல் நத்தையைப் பெயர்த்தெடுத்து, அது சுரக்கும் பால்போன்ற நீரை நூற்கண்டின்மேல் விழச் செய்துவிட்டு, நத்தையை உயிரோடு பாறையிலேயே திரும்ப வைக்கிறார்கள். வெண்மையாக விழும் அந்நீர், வெயிலும் காற்றும் பட்டதும் பச்சையாகிப் பின்பு ஊதாவாகிறது. அப்பாவாடையைத் தொட்டுப் பார்க்கும் பயண முகவர் அவ்வூருக்கு ஆள் அனுப்ப விரும்பினால், எத்தனை பேர் வரலாம், எந்த மாதத்தில் வரலாம், எவ்வளவு தர வேண்டும் என்பவற்றையெல்லாம் பேச, அதை நெய்த பெண்ணுக்கும் சாயம் ஏற்றிய ஆணுக்கும் அரங்கின் உள்ளே ஒரு மேசையும் குறித்த நேரமும் இருக்க வேண்டும். வாயிலில் புன்னகைப்பவர் அங்கேயே நிற்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை.