ஓடாத வண்டிக்குத்தான் விலையா?

2014 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்காட்ஸ்டேலில் நடந்த பாரெட்-ஜாக்சன் ஏலத்தில், ஒரு சிவப்பு 1967 கார்வெட் கூபே, அதாவது செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார், 38.5 லட்சம் டாலருக்குப் போனது. சுத்தியல் விழுந்தது 35 லட்சத்தில். மேலே 10 சதவீதம் ஏலக் கமிஷன், அது வாங்கியவர் தலையில். செவர்லே என்றால் நமக்கு டவேராதான் ஞாபகம் வரும். அதே கம்பெனியின் வண்டிக்கு இவ்வளவு விலை வரக் காரணம், பானெட்டுக்குள் இருந்த எல்88 இன்ஜின். 1967-இல் அந்த இன்ஜினோடு வெளிவந்தவை மொத்தமே 20 கார்கள்.

வேண்டுமென்றே குறைவாகச் செய்த ஸ்பெஷல் எடிஷன் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்க ஆளில்லை, அவ்வளவுதான். யாரும் வாங்கிவிடக் கூடாது என்று கம்பெனியே மெனக்கெட்டது என்றுகூடச் சொல்லலாம். 1963-இல் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் தலைமை, தன் பிரிவுகள் எதுவும் ரேஸில் இறங்கக் கூடாது என்று தடை போட்டது. கார்வெட்டின் பொறியாளர் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ் அதற்கெல்லாம் அடங்குகிற ஆளில்லை. பச்சையான ரேஸ் இன்ஜின் ஒன்று ஷோரூம் ஆப்ஷன் பட்டியலில் ஒரு வரியாக நுழைந்தது. ரேஸ்காரர்கள் புரிந்துகொண்டு வாங்கட்டும், மற்றவர்கள் தாண்டிப் போகட்டும் என்பதுதான் கணக்கு.

அதற்குச் செய்த வேலைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். 500-க்கு மேல் குதிரைத்திறன் தரும் இன்ஜினுக்கு 430 என்று எழுதினார்கள். அதே பட்டியலில் 435 என்று போட்ட இன்னொரு இன்ஜின், எல்88 போலவே 427 கன அங்குலக் கொள்ளளவு, விலையும் குறைவு. எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் எதை எடுப்பார்? மீறி எல்88-தான் வேண்டும் என்றால் ரேடியோ கிடையாது, ஹீட்டரும் கிடையாது. சோக் இல்லாததால் குளிரில் ஸ்டார்ட் பண்ணுவதே பெரும்பாடு. டிராஃபிக்கில் நின்றால் இன்ஜின் கொதிக்கும். போதாததற்கு, 103 ஆக்டேன் என்னும் உயர்ரக பெட்ரோல் போடாவிட்டால் இன்ஜின் கெடலாம் என்று வண்டிக்குள்ளேயே ஓர் எச்சரிக்கை ஸ்டிக்கர்.

அப்படிப்பட்ட வண்டி எங்கே ஓட வேண்டுமோ அங்கே ஓடியது. பிரான்ஸில் நடந்த 1967 லெ மான் 24 மணி நேர ரேஸில் பாப் பாண்டுராண்டும் டிக் குல்ட்ஸ்ட்ராண்டும் ஓட்டிய எல்88, நேர்ப்பாதையில் மணிக்கு 171 மைல், அதாவது சுமார் 275 கிலோமீட்டர் வேகம் தொட்டது. பாதி ரேஸ் வாக்கில் இன்ஜின் உடைந்து வெளியேறியது. ரேஸ் வண்டி என்றால் அது சகஜம்.

என் கேள்வி இங்கேதான். இன்றைய ஏலத்தில் ‘நம்பர் மேட்சிங்’ என்பது வேதவாக்கு. இன்ஜினின் உடற்பகுதியான பிளாக்கில் குத்திய எண் சேஸிஸ் எண்ணோடு பொருந்த வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துப் புது எண் குத்தியிருக்கிறார்களா என்று பார்க்க, தொழிற்சாலை மெஷின் விட்ட மெல்லிய கோடுகளை லென்ஸ் வைத்துத் தேடுவார்கள். வண்டியில் என்னென்ன ஆப்ஷன் மாட்டினார்கள் என்று தொழிற்சாலையில் எழுதி, பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டிய பில்ட் ஷீட்டுக்குத் தனி மரியாதை. அதைப் படிக்க டேங்கையே கழற்ற வேண்டும். இந்தச் சோதனைகளை நான் குறை சொல்லவில்லை. எல்88 பாகங்களைத் தனியாக வாங்கி ஒரு சாதாரண 427 காரில் மாட்டிவிட முடியும் என்னும்போது, போலியைப் பிடிக்க வேறு வழி கிடையாது.

ஆனால் வண்டி அசல்தான் என்று நிரூபணமான பிறகும், பழைய பிளாக் ரேஸில் உடைந்துபோனதற்காக விலையைக் குறைப்பது என்ன நியாயம்? உடையும் அளவுக்கு ஓட்டத்தானே அதைச் செய்தார்கள்! செப்ரிங், லெ மான் மாதிரி பெரிய ரேஸில் பேர் வாங்கிய வண்டிக்கு அந்தப் பேரே விலை சேர்க்கும், அது வேறு. ஊர் டிராக்கில் வாராவாரம் ஓடி, இன்ஜின் போய், வேறு பிளாக் மாட்டிக்கொண்ட வண்டிதான் அடி வாங்குகிறது. கேரேஜில் போர்வைக்குள் தூங்கியது ராஜாவாகிவிடுகிறது. ஏல மேடையிலும் அதைப் பெரும்பாலும் உருட்டிக்கொண்டுதான் போகிறார்கள், கேட்கவே எரிச்சலாக இருக்கிறது.

சரி, கையில் காசு இருந்தால் நான் எதை வாங்குவேன்? அந்த 435 இன்ஜின் வண்டியைத்தான். 1967-இல் அது 3,754 செய்தார்கள். எண் பொருந்தாத ஒன்றாகப் பார்த்து, விலை பேசி எடுத்து, அடுத்த நாளே ஹைவேயில் ஏற்றிவிடுவேன்.