ரைட் எடுக்கணும்னா ரைட்டில் வந்து நில்லுங்க சார்!

இன்று காலை எட்டே கால் மணி. சென்னை நூறடி ரோட்டில் ஒரு சிக்னல். வலது பக்கம் திரும்பி மகளைப் பள்ளியில் விட வேண்டும். சிக்னலுக்கு ரொம்ப தூரம் முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரருக்குக் கையும் காட்டினேன். அவர் வேகத்தைக் குறைத்து வழிவிட்டார், அவருக்குக் கோடி நன்றி. கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் வந்து மீடியனை ஒட்டி நின்றேன். சிவப்பு விளக்கில் இன்னும் 90 நொடி. காத்திருந்தேன்.

பச்சை விழுந்தது, கிளம்பினேன். பாதி திரும்பியிருப்பேன். ரோட்டின் இடது கோடியில் நின்ற ஒரு வெள்ளைக் கார், நேராகப் போக வேண்டிய அத்தனை பேருக்கும் குறுக்கே விழுந்து, சர்ரென்று வலது பக்கம் வளைந்தது. நான் எங்கே போவேன்? இடது கைப் பக்கம் அந்தக் காரின் கதவு. வலது கைப் பக்கம், திரும்புகிற ரோட்டின் மீடியன் முனை. நடுவில் என் ஸ்கூட்டர். பிரேக்கை அழுத்தினேன், வண்டி சாய்ந்தது. கறுப்பும் மஞ்சளும் அடித்த அந்த மீடியன் கல்லில் என் மகளின் முழங்கால் உரசியது. யூனிஃபார்மில் ரத்தம்.

கண்ணாடியை இறக்கி அந்த மனிதர் என்ன கேட்டார் தெரியுமா? "ஏம்மா, பின்னாடி கொழந்தைய வெச்சுக்கிட்டு பாத்து வர மாட்டியா?"

நான் பார்த்துத்தான் வந்தேன் சார். இரண்டு நிமிடமாக வர வேண்டிய இடத்தில் வந்து நின்றுகொண்டுதான் இருந்தேன். இண்டிகேட்டர்கூடப் போடாமல் இடது ஓரத்தில் நின்றது நீங்கள். அந்த நேரத்தில் வாயில் வார்த்தையே வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

சிக்னல் என்ன செய்கிறது என்பதையே பலர் யோசிப்பதில்லை. நம் ஊர் சிக்னல்கள் பலவற்றில் ஒரு பக்கத்துக்குப் பச்சை விழுந்தால் நேராகப் போகிறவர், வலது திரும்புகிறவர், இடது திரும்புகிறவர் எல்லோருக்கும் சேர்த்தே விழும். மற்ற மூன்று பக்கமும் நிறுத்தப்பட்டிருக்கும். ஆக, எதிரில் வருகிறவரிடமிருந்து சிக்னல் என்னைக் காப்பாற்றுகிறது, பக்கத்தில் நிற்கிறவரிடமிருந்து காப்பாற்றுவதில்லை. அதற்கு இருக்கிற ஒரே ஏற்பாடு, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான். வலது போகிறவர் வலதில், நேராகப் போகிறவர் நடுவில், இடது போகிறவர் இடதில் நின்றால் பச்சை விழுந்ததும் யாருடைய பாதையும் யாரையும் வெட்டாது. இடதில் நிற்கிற ஒருவர் வலது திரும்பினால், ரோட்டில் இருக்கிற எல்லாருடைய பாதையையும் வெட்டித்தான் ஆக வேண்டும். இதற்கு வேறு வழியே கிடையாது. கைவிரலால் மேசையில் கோடு போட்டுப் பார்த்தாலே தெரியும்.

தெரியாமல் செய்கிறவர்களைக்கூட விட்டுவிடுகிறேன். ஊருக்குப் புதியவர், மேப் கடைசி நேரத்தில் சொல்லியிருக்கும், பதறிவிட்டார், சரி. தெரிந்தே செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. வலது வரிசை நீளமாக இருக்கும். இடது பக்கம் காலியாக இருக்கும், ஏனென்றால் ஃப்ரீ லெஃப்ட் போகிறவர்கள் நிற்காமல் போய்க்கொண்டிருப்பார்கள். இவர் அந்தக் காலி இடத்தில் விர்ரென்று முன்னால் வந்து, ஸ்டாப் லைனைத் தாண்டி, ஜீப்ரா கிராசிங் மேலேயே வண்டியை வலது பக்கம் சாய்த்து நிறுத்துவார். ரோட்டைக் கடக்க வந்த பாட்டி இவருடைய பம்பரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பின்னால் இடது போக வேண்டிய இருபது வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கும். அதில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். பச்சை விழுந்ததும் முதல் ஆளாகக் குறுக்கே பாய்வார். வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் இளித்தவாயர்களா?

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டமும் உண்டு. நேராகப் போக வேண்டியவர்கள் வலது லேனில் வந்து நிற்பது. வலது லேன் என்றால் வேகமாகப் போகிற லேன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதோடு சரி. வலது திரும்ப மட்டும் தனியாகப் பச்சை அம்பு விழுகிற சிக்னல்களில் இவர்கள் செய்கிற அட்டூழியம் தாங்க முடியாது. அம்பு எரிகிறது, எங்களுக்கு வழி இருக்கிறது, முன்னால் நிற்கிறவர் அசையமாட்டார். அவருக்குத்தான் நேராகச் சிவப்பாயிற்றே! 25 நொடி அப்படியே வீணாகப் போகும். அடுத்த சுற்றுக்கு மறுபடி இரண்டு நிமிடம் வெயிலில் காய வேண்டும். ஹார்ன் அடித்தால் திரும்பிப் பார்த்து முறைப்பார்.

டூ வீலர் ஓட்டுகிற நம் ஆட்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இதைக் கோபமாக அல்ல, பயந்துபோய்ச் சொல்கிறேன். இடது திரும்புகிற பஸ்ஸுக்கும் லாரிக்கும் உள்பக்கம் தயவுசெய்து நுழையாதீர்கள். நீளமான வண்டி திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்ளே வாங்கிக்கொண்டு வரும். அதனால்தான் டிரைவர் முதலில் கொஞ்சம் வலது பக்கம் ஒடித்து, அப்புறம் இடது எடுக்கிறார். இடதில் ஒரு சந்து தெரிகிறதே என்று நாம் நுழைகிறோம். அந்தச் சந்து நான்கு நொடியில் மூடிக்கொள்ளும். டிரைவருக்கு அந்த இடத்தில் நாம் இருப்பதே தெரியாது. பின்சக்கரத்தில் மாட்டி இறந்தவர் என்று மாதத்துக்கு எத்தனை செய்தி படிக்கிறோம்!

இது ஏதோ புதுச் சட்டமும் இல்லை. 1989-இல் வந்த சாலை விதிகளிலேயே இருந்தது. இடது திரும்புகிறவர் இடது ஓரத்தை ஒட்டி வர வேண்டும், வலது திரும்புகிறவர் தான் போய்க்கொண்டிருக்கிற சாலையின் நடுப்பகுதியை ஒட்டி வந்து, நுழைகிற சாலையின் இடது பக்கத்தை அடைய வேண்டும். அந்த 1989 விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய ஓட்டுதல் விதிகள் வந்தன. 2019 சட்டத் திருத்தத்தில் அந்த விதிகளை மீறினால் 500 முதல் 1000 ரூபாய் வரை அபராதம் என்றும் போட்டார்கள். ஹெல்மெட் இல்லையென்றால் பிடிக்கிறார்கள், நல்லது, பிடிக்கட்டும். இடதிலிருந்து வலதுக்கு வெட்டியதற்காக அபராதம் கட்டியவர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

என் அப்பா எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது முதலில் சொன்னதே இதுதான். "வலது போகணும்னா முதல்ல திரும்பிப் பாரு. கைய நீட்டு. நடு ரோட்டுக்கு வா. அப்புறம்தான் திரும்பணும்." அப்பா கார் ஓட்டியதே கிடையாது. அவருக்குத் தெரிந்தது லட்சக்கணக்கில் காசு போட்டு கார் வாங்கியவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? லைசென்ஸ் வாங்கும்போது எட்டுப் போடச் சொல்கிறோம், காலை ஊன்றாமல் போட்டுவிட்டால் பாஸ். காலி மைதானத்தில் எட்டுப் போடத் தெரிந்தவருக்கு, நாலு ரோடு சேர்கிற இடத்தில் எந்த லேனில் நிற்பது என்று யார் கற்றுக்கொடுத்தார்கள்? எந்த சிக்னலுக்குக் கூட்டிப்போய் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள்? எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படங்களை மனப்பாடம் செய்தோம், மறுநாளே மறந்தோம்.

ரோடு போடுகிறவர்களையும் விடமாட்டேன். லேன் அம்புக்குறி என்று ஒன்றை வெள்ளையில் வரைகிறார்கள். பாதிக்கு மேல் டயர் பட்டுத் தேய்ந்து, வால் மட்டும் தெரியும். தேயாமல் இருப்பதும் எங்கே இருக்கிறது? வண்டிகள் வந்து நிற்கிற அதே இடத்தில், வண்டிகளுக்கு அடியில்! நின்ற பிறகு அம்பு தெரிந்து என்ன பயன்? முன்கூட்டியே தெரிந்தால்தானே மாற முடியும். அதை விடக் கொடுமை பஸ் ஸ்டாப். சிக்னலுக்குப் பக்கத்திலேயே இடது ஓரத்தில் ஸ்டாப்பை வைத்துவிட்டு, வலது திரும்புகிற பஸ்ஸையும் அங்கேயே நிற்கச் சொன்னால் டிரைவர் அண்ணன் என்ன செய்வார்? ஆளை இறக்கிவிட்டு மூன்று லேனையும் வெட்டித்தான் வர வேண்டும். அவரை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

சென்னையில் கத்திப்பாரா மேம்பாலத்தை 2008-இல் திறந்தார்கள். அதில் நேர் வலது திருப்பமே கிடையாது. வலது போக வேண்டியவர் பாலத்தைத் தாண்டி இடது பக்கமாக இறங்கி, வட்டமடித்துத்தான் போக வேண்டும். அங்கே இடதில் வர வேண்டியவர்கள் வலதில் வருகிறார்கள்! இறங்கும் வழி கண்ணில் பட்டதும் பாலத்தின் மேலேயே பிரேக். சிலர் ரிவர்ஸ்கூட எடுப்பார்கள். கோவையில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு யு டர்ன் வைத்திருக்கிறார்கள். நிற்க வேண்டாம், நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே வலது போக வேண்டும் என்றால் முதலில் இடது திரும்பி, உடனே வலது ஓரத்துக்கு வந்து யு டர்ன் போட வேண்டும். அங்கே இருக்கிற என் அக்கா தினமும் போனில் புலம்புகிறாள், இடது ஓரத்திலேயே கடைசி வரை வந்துவிட்டு யு டர்ன் வாயில் வண்டியைக் குறுக்கே போடுகிறார்கள் என்று.

தவறான லேனில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? நேராகப் போங்கள். அவ்வளவுதான். அடுத்த யு டர்ன் ஒரு கிலோமீட்டரில் இருக்கும், நான்கைந்து நிமிடம் ஆகும். நான் எத்தனையோ முறை அப்படிப் போயிருக்கிறேன். ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. உங்கள் நான்கு நிமிடத்தை மிச்சப்படுத்த என் பிள்ளையின் முழங்காலா கிடைத்தது?

இன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை. டெட்டால் போட்டுக் கட்டும்போது அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கேட்டாள், "அம்மா, நாமதான் கரெக்டா நின்னோம்ல?"

ஆமாண்டா கண்ணு. நாமதான் சரியான இடத்தில் நின்றோம்.