பினாங்கில் சைக்கிள் ஓவியத்துக்கு வரிசையில் நிற்காதீர்கள்

மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்று ஆனதிலிருந்து பினாங்கு போகிறவர்கள் கூடிவிட்டார்கள். போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அந்த சைக்கிள் ஓவியம் எந்தத் தெருவுல இருக்கு?" ஆர்மீனியன் தெருவில் இருக்கிறது. லிதுவேனியாக்காரரான எர்னஸ்ட் சகாரெவிச் 2012-இல் வரைந்தது. சுவரில் இரண்டு பிள்ளைகள், சுவரோடு ஒட்டி நிஜ சைக்கிள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயிலில் வரிசையில் நின்று, பின்னால் நிற்பவர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்த ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மேப்பைப் பார்த்து அடுத்த ஓவியத்துக்கு ஓடுவதற்குப் பெயர் ஊர் பார்ப்பதா?

அதே தெருவில் 120-ஆம் எண் வீட்டை அந்த வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1910-இல் சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென் பினாங்கில் தங்கியிருந்தபோது அவருடைய இயக்கத்துக்குத் தளமாக இருந்த வீடு. மறு வருஷம் சீனாவில் புரட்சி வெடித்தது.

என் கட்சி இதுதான். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனை கைடு வைக்காமல் நடந்தே பார்க்கலாம், அப்படித்தான் பார்க்கவும் வேண்டும். ஆனால் ஓவியங்களைத் தேடி நடந்தால் ஊர் கண்ணில் படாது. சாமி கும்பிடுகிற, தொழில் நடக்கிற, சோறு விற்கிற தெருக்களில் இருக்கிறது ஊர். அந்தத் தெருக்களில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. இந்த நீளப் பதிவு அதனால்தான்.

கோட்டையில் தொடங்குங்கள் என்று எல்லா கையேடும் சொல்லும். கார்ன்வாலிஸ் கோட்டையை வெளியே இருந்து பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிய இடம் அது. எதிரி வந்தால் கிழக்கிந்தியக் கம்பெனி படை அனுப்பும் என்று, தீவுக்குச் சொந்தக்காரரான கெடா சுல்தானை நம்பவைத்துத்தான் தீவை வாங்கினார். அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரமே கிடையாது. 1791-இல் சுல்தான் தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்துத் தோற்றார். சுல்தானுக்கு வருஷத்துக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று கணக்கை முடித்தார்கள். லைட்டுக்கு அங்கே ஒரு சிலை உண்டு. அவருடைய படம் ஒன்றும் அகப்படாததால் மகன் வில்லியமின் முகத்தை வைத்துச் செய்த சிலை! அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு பிட் தெருவுக்கு வாருங்கள். இப்போதைய பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங்.

தெருவின் வடக்கு முனையில் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818-இல் கட்டி முடித்தது. வெள்ளைத் தூண்கள், பச்சைப் புல்வெளி. கட்டியது கைதிகளின் உழைப்பு. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களைக் கம்பெனி கொண்டுபோய் வைத்த இடங்களில் பினாங்கும் ஒன்று. எங்கள் சிவகங்கைச் சீமைக்காரர்களும் இங்கே வந்திருக்கிறார்கள். 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802-இல் தூத்துக்குடியில் கப்பலேற்றி அனுப்பியது இந்தத் தீவுக்குத்தான். துரைசாமி அப்போது சிறுவன். தேவாலயப் புல்வெளியில் உட்கார்ந்து இதை என் மனைவியிடம் சொன்னபோது, "நம்ம ஊர்ல இருந்து டூர் வந்த முதல் கோஷ்டி அவங்கதானா?" என்றாள். சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

அங்கிருந்து தெற்கே நடந்தால் 1800-ஐ ஒட்டி எழுந்த, சீனர்களின் குவான் யின் அம்மன் கோயில். வாசலில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். அடுத்து மகா மாரியம்மன் கோயில், 1833. முகப்பும் கோபுரமும் குயின் தெருவில்; பின்பக்கம்தான் பிட் தெருவைப் பார்த்தபடி. அப்புறம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801-இல் தொடங்கியது. கம்பெனி 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. சூலியா தெருவில் கொஞ்சம் கிழக்கே திரும்பினால் கிங் தெரு முக்கில் நாகூர் தர்கா. நம்ம நாகூர் ஆண்டவர் பேரில்தான். எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள் அடக்கம்.

சுற்றுலாத் துறை இதற்கு 'நல்லிணக்கத் தெரு' என்று பெயர் வைத்திருக்கிறது. எனக்கு அந்தப் பெயர் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கப்பித்தான் (தலைவர்), ஒரு துண்டு நிலம், உங்கள் வழக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு, வரியும் வியாபாரமும் வந்தால் போதும் என்றிருந்தது கம்பெனி. பக்கத்துப் பக்கத்தில் கோயில்கள் அமைந்தது அப்படித்தான். அடிதடியும் நடந்தது. 1867-இல் பத்து நாள் கலவரத்தில் தெருவெல்லாம் துப்பாக்கியும் பீரங்கியும். ஆச்சே தெருப் பள்ளிவாசலின் மினாராவில் நடு உயரத்தில் ஒரு வட்ட ஓட்டை தெரியும். அன்று குண்டு பாய்ந்த இடம் என்பார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அணி பிரிந்த விதம். ஒரு சீன ரகசியச் சங்கத்தோடு வெள்ளைக்கொடிச் சங்கத்து முஸ்லிம்கள், எதிரிச் சீனச் சங்கத்தோடு செங்கொடிச் சங்கத்து முஸ்லிம்கள். சண்டையில்கூட மதம் பார்த்துச் சேரவில்லை. இதைப் பெரிதாக எழுதி ஒரு பலகை வைத்தால் 'நல்லிணக்கத்தை'விட ஊர் நன்றாகப் புரியும்.

நடக்கும்போது ரோட்டில் இறங்காமல் அஞ்சடியிலேயே நடங்கள். கடைவீடுகளின் மாடி முன்னால் நீண்டு, கீழே கூரை போட்ட நடைபாதையாக வருமே, அதுதான். ஒவ்வொரு கடை முன்னாலும் தரை மாறும். ஒரு வீட்டில் பூப்போட்ட ஓடு, அடுத்ததில் சிவப்பு சிமெண்ட், அதற்கடுத்து வழுவழு மார்பிள். கீழே பார்த்துக்கொண்டே நடந்தால் எந்த வீட்டுக்காரன் எப்போது காசு பார்த்தான் என்று தெரிந்துவிடும். நடுநடுவே மோட்டார் சைக்கிளை ஏற்றி நிறுத்தி வழியை மறித்திருப்பார்கள், அதைத் தாண்டி ரோட்டில் இறங்கி ஏற வேண்டும். எரிச்சல்தான்.

பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அப்படியொரு அஞ்சடியில் பணம் மாற்றும் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பெரியவர். தலையில் சொங்கோக் தொப்பி, கையில் ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக்கட்டு. ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் ஓரத்தை நீவி, ஒரே பக்கம் முகம் வரும்படி அடுக்கினார். மடங்கிய நோட்டைத் தனியே வைத்தார். "ஊர் எது தம்பி?" என்றார். சிவகங்கை என்றேன். "நமக்கு ராம்நாடு பக்கம். அத்தா வந்து உக்காந்த இடம் இது. அப்பல்லாம் வாடகை ஒரு பேச்சே இல்ல. இப்ப நான் போயிட்டா புள்ளைக வந்து உக்காராது." சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார்.

அவர் சொன்ன வாடகைதான் இந்த ஊரின் முழுக் கதை. 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்றக் கூடாது என்று 1966-இல் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வருமானம் இல்லாத வீட்டை இடித்துக் கட்ட உரிமையாளருக்கு அக்கறை இல்லை. குடியிருப்பவருக்குக் காலி செய்ய அவசியம் இல்லை. மற்ற ஊர்களெல்லாம் இடித்து மாடி கட்டிக்கொண்டிருந்தபோது ஜார்ஜ் டவுன் ஒழுகும் கூரையோடு அப்படியே நின்றது. பாரம்பரியத்தின் மேல் இருந்த பாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முக்கால்வாசி இந்தச் சட்டம்தான். 1997-இல் அதை ரத்து செய்தார்கள், 2000 பிறந்ததும் கட்டுப்பாடு போயிற்று. வாடகை ஏறியது, தலைமுறையாக இருந்தவர்கள் வெளியேறினார்கள். காலி வீடுகளில் சிலர் உழவாரக் குருவி வளர்த்தார்கள். கூடு சீனச் சூப்புக்கு, நல்ல விலை. குருவியை அழைக்க ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டுவிட்டு மனிதர்களை அனுப்பிவிட்டார்கள்!

2008-இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்தது. குருவிகளை வெளியேற்றினார்கள், கட்டடம் இடிபடுவது பெரும்பாலும் நின்றது. சந்தோஷம். ஆனால் அந்தப் பட்டியல் கூரை ஓட்டைக் காக்கும், ஓட்டுக்குக் கீழே இருந்த தையல்காரரைக் காக்காது. இன்று பழைய கடைவீட்டைப் புதுப்பித்தால் உள்ளே வருவது பெரும்பாலும் ஓட்டல் அல்லது கஃபே. பெயர்ப்பலகையை மட்டும் பழசாக விட்டு வைப்பார்கள், உள்ளே காபி விலை கோலாலம்பூர் விலை. இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. ஓவியத்துக்கு மட்டும் கூட்டம் வந்தால் ஓவியத்தைச் சுற்றி காந்த பொம்மையும் ஐஸ்கிரீமும்தான் முளைக்கும். அதே காசைப் பூ கட்டுகிறவரிடமும், சொங்கோக் தைப்பவரிடமும், மூலைக் கோப்பிக் கடையிலும் கொடுத்தால் அவர்கள் இன்னும் கொஞ்ச நாள் வாடகை கட்டுவார்கள்.

காலை ஏழரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வெயில் தாங்காது. குடை அவசியம், மழை சொல்லிக்கொண்டு வராது. பள்ளிவாசலுக்குள் போக நீண்ட உடை வேண்டும், தொழுகை நேரத்தில் போகாதீர்கள், வெள்ளிக்கிழமை மதியம் வேண்டவே வேண்டாம். கால் வலித்தால் ஊருக்குள் இலவச பஸ் ஓடுகிறது. லிட்டில் இந்தியாவுக்குக் கடைசியாகப் போங்கள், முதலில் போனால் நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.

பதினோரு மணிக்கு 'நாசி கண்டார்' சாப்பிடுங்கள். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி மாதிரி கம்பு போட்டு ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியுமாகத் துறைமுகக் கூலிகளுக்கு விற்றுக்கொண்டு போன சாப்பாடு, இன்று மலேசியா முழுக்கக் கடை. சோற்றுக்கு என்ன குழம்பு என்று கேட்டால் ஒன்றைச் சொல்லாதீர்கள். "பஞ்சிர்" என்று சொல்லுங்கள். மீன், ஆடு, கோழி எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவார். விலையை மட்டும் உட்காருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தட்டில் இறாலோ நண்டோ விழுந்தால் பில் எகிறும்.