பானை எம்.டி.க்காகக் காத்திருக்காது

நவம்பர் நடுவிலேயே தேதி குறிக்காத ஆபீசில் ஜனவரியில் நடப்பதைப் பொங்கல் விழா என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அது போட்டோ எடுக்கும் விழா. சென்னையில் பாதி ஆபீஸ்களில் அதுதான் நடக்கிறது.

நவம்பர் ஏன் என்றால், ரயில். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. போகிக்கு முந்தின நாள் ராத்திரி பாண்டியனிலோ நெல்லையிலோ ஊருக்குப் போகிறவர் நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்கே டிக்கெட் போட்டுவிடுகிறார். அதாவது ஆபீசில் யார் யார் எந்தத் தேதி வரை இருப்பார்கள் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. இது தெரியாமல் எச்.ஆர். ஜனவரி 5-ஆம் தேதி மெயில் அனுப்புகிறது, '12-ஆம் தேதி கொண்டாட்டம், அனைவரும் வருக' என்று. 12-ஆம் தேதி அனைவரும் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

போகிக்கு மூன்று வேலை நாள் முன்னால் வைத்தால் கூட்டம் இருக்கும். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று மதியத்துக்கு மேல் தளம் காலி. 'மார்கழியில் பொங்கலா?' என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வீட்டுப் பொங்கல் தை முதல் நாள் வீட்டில் பொங்கட்டும். ஆபீசில் நடப்பது கொண்டாட்டம், அதற்கு நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் பார்க்க ஆரம்பித்தால் கான்ஃபரன்ஸ் ரூம் கிடைக்காது. முன்கூட்டி வைப்பதில் உண்மையான சிக்கல் கரும்பு. கோயம்பேட்டில் பொங்கல் சிறப்புச் சந்தை சூடு பிடிப்பது கடைசி நாலைந்து நாளில்தான். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் வியாபாரியிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். அங்கே ஒரு கட்டு என்பது வழக்கமாக 20 கரும்பு. வாசலுக்கும் பானைக்கும் 8, மீதி வெட்டிக் கொடுக்க என்று வைத்தால் 150 பேருக்கு ஒரு கட்டு போதும். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வாங்கினால் தோகை பச்சையாக நிற்கும். இரண்டு நாள் ஏசியில் நின்ற கரும்பு துவண்டு, துடைப்பம் மாதிரி ஆகிவிடும். வெட்டித் தர ஆளும் அரிவாளும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். பான்ட்ரியில் இருக்கும் பழம் நறுக்கும் கத்தி உதவாது.

அடுத்து தலைக்கணக்கு. எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். பட்டியலை சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள். அதில் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் இல்லை, செக்யூரிட்டி அண்ணன்கள் இல்லை, கேப் டிரைவர்கள் இல்லை, கேன்டீன் பையன்கள் இல்லை. எல்லோரும் ஒப்பந்தக்காரர் கணக்கில் இருப்பவர்கள். விழா அன்று கோலத்துக்குத் தரை கழுவுவதும், நாற்காலி தூக்குவதும், எச்சில் தட்டு எடுப்பதும் அவர்கள்தான். சாப்பாடு மட்டும் 'மிச்சம் இருந்தா குடுங்க'. இதைவிட அசிங்கமான ஏற்பாடு இருக்க முடியாது. கேட்டரிங்காரரிடம் சொல்லும் எண்ணிக்கையிலேயே அவர்களைச் சேருங்கள், ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டிலிருந்து எண்ணி. பரிசுப் பை கொடுப்பதாக இருந்தாலும் அதே பைதான். முதல் பந்தியில் பாதிப் பேரையாவது உட்கார வையுங்கள்.

ஊழியர் எண்ணிக்கையை மாத்திரம் அப்படியே சொல்லாதீர்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஏற்பாடு இருக்கும் ஆபீசில் பட்டியலில் 200 பேர் என்றால் 200 பேரும் வரப்போவதில்லை. இரண்டு நாள் முன்னால் 'வருவேன், மாட்டேன்' என்று ஒரே கேள்வி கேட்டு, வந்த எண்ணிக்கையோடு பத்துக்கு ஒன்று கூட்டினால் சரியாக இருக்கும். நைட் ஷிஃப்டை மறக்க வேண்டாம். மதியம் செய்த வெண்பொங்கலை டப்பாவில் அடைத்து ராத்திரி ஒன்பது மணிக்குக் கொடுத்தால் அது செங்கல். அவர்களுக்குத் தனியாக ஏழு மணிக்கு இரண்டாவது அடுப்பு ஏற்றச் சொல்லுங்கள். கேட்டரிங்காரர் கூடுதலாகக் கேட்பார், கொடுக்கலாம்.

இனி பானை.

சம்பிரதாயப் பானை வேறு, பரிமாறும் பொங்கல் வேறு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். 150 பேருக்கான பொங்கலை முற்றத்தில் மண்பானையில் வைக்கிறேன் என்று கிளம்பினால் அடிப்பிடித்த பொங்கலை மூன்று மணிக்குச் சாப்பிடுவீர்கள். முற்றத்தில் 6 லிட்டர் பானை, அரைக் கிலோ பச்சரிசி, 125 கிராம் பாசிப்பருப்பு. அவ்வளவுதான்.

வெறும் தண்ணீர் கொதிக்குமே தவிர நுரைத்துப் பொங்காது. பாலாடைதான் ஆவியை அடக்கி நுரையை மேலே தள்ளுகிறது. அதனால் ஒன்றரை லிட்டர் பால், ஆவின் ஆரஞ்சு பாக்கெட் போல கொழுப்பு அதிகமானது. அதோடு அரிசி களைந்த தண்ணீர் நாலு லிட்டர், கழுத்து வரை. இதற்குக் குறைத்து ஊற்றினால் பானைக்குள்ளேயே கொதித்து அடங்கும், சுற்றி நிற்பவர்கள் 'பொங்கலோ பொங்கல்' சொல்லக் காத்துக் காத்து செல்போனை இறக்கிவிடுவார்கள். சவுக்கு விறகில் நல்ல தீ இருந்தால் 20 நிமிடத்துக்குள் பொங்கிவிடும். பொங்கியதும் ஒரு லிட்டர் முகந்து தனியே வைத்துவிட்டு அரிசி பருப்பைப் போட்டு, தீயைக் குறைத்து, முகந்ததைத் தேவைக்குத் தேவை சேர்க்கலாம்.

மண்பானைதான் வேண்டும் என்றால் கொசப்பேட்டையில் கிடைக்கும். வாங்கிய அன்றே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கஞ்சித்தண்ணி ஊற்றி மெல்லிய தீயில் ஒரு முறை பழக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலைச் சூடான மண்பானையில் ஊற்றவே கூடாது. இதெல்லாம் முடியாது என்றால் வெண்கலப் பானை வையுங்கள், குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஆனால் பெரும்பாலான ஆபீஸ் பொங்கல்களில் பானையைக் கெடுப்பது விறகும் இல்லை, பாலும் இல்லை. எம்.டி. ஆபீஸ் அறையில் இருக்கிறார், 'பத்து நிமிஷத்துல வந்துடுவார்' என்று தீயை இழுத்து அணைப்பதும், அவர் கீழே இறங்கியதும் மறுபடி ஏற்றுவதும்தான். ஒரு முறை ஆறிய பாலில் ஆடை தடித்துவிடும், இரண்டாவது முறை ஒழுங்காகப் பொங்காது. ஓரத்தில் வழிந்து தீயை அணைக்கும். பொங்கும் நேரத்தை அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். வந்தால் அரிசி போடட்டும், வராவிட்டால் ரிசப்ஷனில் பத்து வருடமாக இருப்பவர் போடட்டும்.

பரிமாறும் சர்க்கரைப் பொங்கலுக்கு, 150 பேருக்கு ஒரு கரண்டி வீதம்: பச்சரிசி 3 கிலோ, பாசிப்பருப்பு 750 கிராம், மண்டை வெல்லம் 5 கிலோ, நெய் ஒரு கிலோ, முந்திரி 300, திராட்சை 150, ஏலக்காய் 20 கிராம். தண்ணீரும் பாலும் சேர்ந்து 18 முதல் 20 லிட்டர். புது அரிசி என்றால் இரண்டு லிட்டர் குறைத்துக்கொள்ளலாம். அரிசி மசியும் முன் வெல்லம் விழுந்தால் அதற்குப் பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் பருக்கை பருக்கையாக நிற்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் போட்டால் மண் கடிபடும். பால் கொதித்துக்கொண்டிருக்கும்போது வெல்லப்பாகை ஊற்றினால், வெல்லம் கொஞ்சம் புளிப்பாக இருந்தால் போதும், திரிந்துவிடும். அரிசி பாலை உறிஞ்சி குழைந்து, தீ தணிந்த பிறகே பாகு. பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் பார்க்க அழகாக இருக்கும், பெரும்பாலும் நிறத்துக்கு ரசாயனம் போட்டது. கறுத்த வெல்லமாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அடுப்பு எங்கே? டெக் பார்க்கில் இருக்கிறீர்கள் என்றால் கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி இல்லாமல் தீப்பெட்டியைக்கூட எடுக்காதீர்கள். வானம் தெரியும் இடமாக இருக்க வேண்டும். பேஸ்மென்ட் பார்க்கிங் கூடவே கூடாது, மேலே ஸ்பிரிங்க்ளர், பக்கத்தில் பெட்ரோல் வண்டிகள். கிரானைட் தரையிலோ டைல்ஸிலோ நேரடியாகச் செங்கல் அடுக்கினால் சூட்டில் தரை வெடிக்கும், பில் உங்களுக்கு வரும். தகரத் தகடு, அதன்மேல் இரண்டு அங்குலம் மணல், அதன்மேல் செங்கல். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு தீயணைப்பான், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆள். ஜனவரிப் பனியில் விறகு நனைந்திருக்கும், முந்தின நாளே உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். துப்பட்டாவும் பட்டுச்சேலையும் தீயிலிருந்து ஆறடி தள்ளி. தளத்துக்குள் கற்பூரம், சாம்பிராணி வேண்டாம். புகை உணர்வான் கத்தினால் பத்து மாடியும் படிக்கட்டில் இறங்கும்.

கோலத்துக்குத் தலைக்கு நாலடிக்கு நாலடி கட்டம், 40 நிமிடம், அதுவும் காலை ஒன்பது மணிக்கு, ஆட்கள் நடக்க ஆரம்பிக்கும் முன். உள்ளே போட்டால் ஏசிக் காற்று பொடியைக் கலைக்கும், டைல்ஸ் வழுக்கும். உறியடிக்கு 15 அடி வட்டம் கயிறு கட்டி, செருப்பில்லாமல் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஓடு தெறிக்கும். வேட்டி கட்டாயம், சேலை கட்டாயம் என்று மெயில் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கட்டாயத்தை எடுத்துவிடுங்கள், தானாக வருவார்கள். முக்கால்வாசிப் பையன்கள் எப்படியும் ஒட்டு வேட்டிதான்.

இன்னொன்று, கோலமும் சமையலும் பெண்களுக்கு, மைக்கும் உறியடியும் ஆண்களுக்கு என்று எந்தக் கமிட்டியும் தீர்மானம் போடுவதில்லை. தானாக அப்படி ஆகிவிடுகிறது. வேலைப் பட்டியலில் பெயர் எழுதும்போதே மாற்றி எழுதினால்தான் மாறும்.

பறைக் குழுவைக் கூப்பிடுகிற ஆபீஸ்கள் இப்போது கூடியிருக்கின்றன, நல்லது. ஆனால் பறையை வாசிக்கும் முன் தீயில் காய்ச்ச வேண்டும், அப்போதுதான் தோல் இறுகிச் சத்தம் எழும். அதற்கு வைக்கோலும் ஓரமாக ஒரு இடமும் தேவை. அனுமதிக் கடிதத்தில் இதையும் சேர்க்காவிட்டால் செக்யூரிட்டி தீயை அணைத்துவிடுவார், நீங்கள் தொய்ந்த பறையைக் கேட்பீர்கள். உடை மாற்ற ஒரு அறை, அதே சாப்பாடு, அன்றே பணம். 'இன்வாய்ஸ் அனுப்புங்க, 45 நாள்ல வரும்' என்பதெல்லாம் கலைஞர்களிடம் பேசும் பேச்சா? அவர்கள் வாசிக்கிற அரைமணி நேரம் எந்தக் குழுவுக்கும் கிளையன்ட் கால் இல்லாமல் பார்த்துக்கொள்வது மேனேஜர்கள் வேலை.

பரிமாற பாக்குமட்டைத் தட்டும் எவர்சில்வர் டம்ளரும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப், பேப்பர் தட்டு எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, கேட்டரிங்காரர் 'இது பேப்பர்தான் சார்' என்று நீட்டுவார். தலைவாழை இலை ஆசை நல்லதுதான், கேன்டீன் மேசை அகலத்தை அளந்துவிட்டு ஆசைப்படுங்கள்.

பணம் கம்பெனி போடட்டும். தலைக்கு 300, 500 என்று டீம் வாரியாக வசூலித்தால் புதிதாகச் சேர்ந்த டிரெய்னி வாய் திறக்காமல் கொடுப்பார், விழாவில் ஓரமாக நிற்பார். நேரமும் கம்பெனி நேரமாக இருக்கட்டும், பத்தரை முதல் ஒன்றரை வரை. ஆறு மணிக்கு மேல் வைத்துவிட்டு 'ஏன் பெண்கள் யாரும் நிற்கவில்லை' என்று வியக்கக் கூடாது. விழா நடத்தியதைக் காட்டி விடுமுறையில் கைவைக்கவும் கூடாது. 1958-ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி நாலு தேசிய விடுமுறை, ஐந்து பண்டிகை விடுமுறை. அந்த நாளில் வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுப்பு.

கடைசியாக, கரும்புச் சக்கை. ஒரு கட்டு கரும்பு தின்றால் இரண்டு பெரிய டிரம் நிறையும், யாரும் இதற்கு இடம் ஒதுக்குவதில்லை, லிஃப்ட் ஓரத்திலும் செடித்தொட்டியிலும் கிடக்கும், சாயங்காலத்துக்குள் எறும்பு. தளத்துக்கு இரண்டு டிரம் வையுங்கள். சுத்தம் செய்ய அன்று மட்டும் கூடுதலாக நாலு ஆள் வெளியிலிருந்து எடுங்கள். வேட்டி சேலையில் வந்த ஹவுஸ்கீப்பிங்காரர்கள் அன்று நாலு மணிக்கு வீட்டுக்குப் போகட்டும்.