பிள்ளையை மனநல வார்டில் மறுபடி சேர்ப்பதற்கு மாத்திரை காரணமா?

"மனநல வார்டில் ஒருமுறை படுத்த பிள்ளை திரும்பத் திரும்ப அங்கேதான் போகும், மாத்திரை அடிமையாக்கிவிடும்" என்று ஒரு குரல்பதிவு நாகர்கோவில், குலசேகரம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு. நம்பி எவரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் எழுதுகிறேன்.

மனச்சோர்வு மருந்துகள் போதைப்பொருள் போல அடிமையாக்குவதில்லை. பலன் நன்றாகத் தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். தேறிய பிறகும் வழக்கமாக 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். ஆனால் பிள்ளை சிரித்துப் பேசத் தொடங்கியதும் பாதி அட்டை மாத்திரை அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். அதைப் பார்த்துத்தான் அடிமைத்தனம் என்கிறார்கள்.

மறுபடி சேர்க்க நேர்வது இப்படி மருந்து பாதியில் நிற்பதாலும் வேறு சில காரணங்களாலும்தான். ரப்பர் பால்வெட்டும் அப்பா ஒருநாள் கூலியை விட்டுத்தான் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குப் பஸ் ஏற வேண்டும், மறுபரிசோதனை தள்ளிப்போகிறது. வீட்டுச் சண்டையும் பள்ளிக் கேலியும் அப்படியே காத்திருக்கின்றன. வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டியவை. மூச்சு முட்டும் ஆஸ்துமா பிள்ளையை நாம் மறுபடி சேர்ப்பதில்லையா?

சந்தேகம் இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.